காத்திருக்கவா, மூடவா

ஜெகதேவி சாலையில் எங்கள் கல் பட்டறைக்கு
ஒரே ஒரு கணினி.
அதில் நான் எழுதிய ஒரே ஒரு பக்கம்.
கல்லின் நீளம் அகலம் உயரம் கொடுத்து
கீறல் ஓடும் இடத்தையும் சொன்னால்
எப்படி அறுத்தால் சேதாரம் குறையும் என்று
இருக்கிற வழிகளையெல்லாம் எண்ணிப் பார்க்கும்.
இருக்கிற வழிகள்
ஒரு கோடியே சொச்சம்.

தில்ஷாத் பொத்தானை அழுத்தினாள்.
அது அழுந்தியபடியே நின்றுவிட்டது.
மூலையில் ஓடும் கடிகாரம்
மூன்று நாற்பத்திரண்டில் உறைந்தது.
மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது,
தொட்ட இடமெல்லாம் கல்.
அடுத்த லாரிக்கு எடைச் சீட்டு போட வேண்டும்,
அதற்கும் அதே பக்கம்தான்.
வாசலில் பர்கூர் லாரி ஹாரனிலிருந்து கையெடுக்கவில்லை.
பிறகு பிரவுசர் கேட்டது:
இந்தப் பக்கம் பதில் சொல்லவில்லை.
காத்திருக்கவா, மூடவா?

காத்திரு என்றாள்.
அரை நிமிடம் கழித்து மறுபடி கேட்டது.
காத்திரு.
மறுபடி.
பதினோராவது முறை திம்மராயன் சார்
அவள் தோளுக்கு மேலே குனிந்து
"மூடித் தொலைம்மா" என்றார்.
மூடினாள்.
எண்ணி முடித்திருந்த எண்பது லட்சம் வழிகள்
எங்கேயும் போகவில்லை,
இல்லாமல் போயின.

எனக்கு போன் வந்தபோது
ராயக்கோட்டை மேம்பாலத்தடியில்
தக்காளி வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
தப்பு என்னுடையது, சொல்லிவிடுகிறேன்.
அந்தப் பக்கத்துக்கு ஒரே ஆள்.
கணக்கு போடுவதும் அவன்,
கதவைத் திறப்பதும் அவன்,
கடிகார முள்ளைத் தள்ளுவதும் அவன்.
அவனை ஒரு கோடி எண்ணச் சொல்லிவிட்டு
கூப்பிட்டால் ஏன் திரும்பவில்லை என்றால்?

இரவு பட்டறையிலேயே உட்கார்ந்தேன்.
வெளியே ரம்பம், அதன்மேல் தண்ணீர்.
விட்டு விட்டுத் தண்ணீர் காட்டினால்தானே
கல்லையும் அறுக்க முடியும் என்று
ஓர் உவமை வந்தது.
எழுந்து போய்ப் பார்த்தேன்.
விட்டு விட்டு இல்லை, விடாமல் ஊற்றுகிறது.
உவமையை அந்தச் சேற்றிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

முதலில் கணக்கைப் பொடித்தேன்.
ஆயிரம் வழி எண்ணு, எழுந்திரு,
வரிசையின் கடைசியில் போய் நில்.
நடுவில் யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால்
முன்னால் வந்துவிட்டுப் போகட்டும்.
கடிகாரம் ஓடியது, திக்கித் திக்கி.
விடிகிற நேரத்தில் அதையும் அழித்துவிட்டு
பின்னறையில் இன்னொரு ஆளை வைத்தேன்.
திரையைத் தொட அவனுக்கு உரிமையில்லை,
ஜன்னலும் இல்லை.
கதவிடுக்கில் சீட்டு மட்டும் தள்ளுவான்:
பத்து சதவீதம். பதினொன்று.
முன்னறையில் புதிதாக ஒரு பொத்தான்:
நிறுத்து.

"வேகமாயிடுச்சா?" என்றார் திம்மராயன் சார்.
இல்ல சார். நாப்பது செகண்டு கூட ஆகுது.
"அப்ப ராத்திரி பூரா என்னதான் பண்ணே?"
என்னிடம் பதில் இருந்தது.
அவரிடம் நேரம் இல்லை.

வியாழக்கிழமை. ஏழடிக் கல்.
எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்க
தில்ஷாத் மூன்று எடைச் சீட்டு போட்டாள்,
மாதேசனுக்கு அரை நாள் விடுப்பு எழுதினாள்
(பிள்ளைக்குக் காய்ச்சல்),
பென்சிலால் காதைக் குடைந்தாள்.
நாற்பத்தொரு சதவீதத்தில்
வெளியே ஒரு சத்தம்.
கிரேனிலிருந்து இறக்கும்போதே கல்
யாரும் குறித்துக்கொள்ளாத கீறலில்
தானாகவே இரண்டாகிக் கிடந்தது.

நிறுத்து என்பதை அழுத்தினாள்.
நின்றது.
எதுவும் கேட்கவில்லை.
டேப்பை எடுத்துக்கொண்டு ஓடியவள்
துப்பட்டா முழுக்கக் கல்தூளுடன் திரும்பி
இரண்டு கல்லின் அளவையும் அடித்தாள்.
சின்னக் கல்லுக்கு வழிகள் குறைவு.
டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.